ரத்தசோகை: பரிசோதனை அறிக்கையைப் படிப்பது எப்படி, மருத்துவரிடம் எப்போது போக வேண்டும்

ஹீமோகுளோபின் குறைவு என்று அறிக்கையில் பார்த்ததும் பலர் செய்யும் முதல் காரியம், மருந்துக்கடையில் இரும்புச்சத்து மாத்திரை வாங்கிப் போட ஆரம்பிப்பது. சிலருக்கு அது சரியாகவே பொருந்தும். ஆனால் ரத்தசோகை என்பது காய்ச்சலைப் போல ஓர் அறிகுறிதான். உடலுக்குள் எங்காவது ரத்தம் கசிகிறதா, சத்து உடலில் சேராமல் போகிறதா, எலும்பு மஜ்ஜை போதுமான அணுக்களை உருவாக்கவில்லையா, உருவான அணுக்கள் சீக்கிரமே உடைகின்றனவா என்று தெரியாமல் மாத்திரை போட்டால் எண் கொஞ்சம் ஏறலாம், காரணம் அப்படியே இருக்கும். காரணத்தைக் காட்டும் தடயங்கள் பெரும்பாலும் கையிலிருக்கும் அதே தாளில்தான் இருக்கின்றன. ஹீமோகுளோபின் என்ற ஒற்றை வரியைத் தாண்டி அடுத்த வரிகளையும் படிக்க வேண்டும், அவ்வளவுதான்.

அறிக்கையை வைத்துவிட்டுக் கிளம்ப வேண்டிய நிலை

கீழே உள்ளவற்றில் எது இருந்தாலும் எண் என்ன என்று பார்த்துக்கொண்டிருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்: நெஞ்சுவலி, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, மயங்கி விழுவது, பேச்சில் குழப்பம், ஓய்வில் இருக்கும்போதும் அடங்காத படபடப்பு, ரத்த வாந்தி, தார் போலக் கறுத்து ஒட்டும் நாற்றமான மலம், மலத்தோடு நிறைய ரத்தம். மாதவிடாயில் மணிக்கு ஒரு நாப்கின் முழுக்க நனைந்து, அது இரண்டு மூன்று மணி நேரம் தொடர்ந்தாலும் இதே விதிதான். கர்ப்பிணிக்கு ரத்தப்போக்கு என்றால் அளவு பார்க்கவே வேண்டாம், உடனே போக வேண்டும்.

இந்த நேரத்தில் எண்ணை நம்ப முடியாததற்குக் காரணம் உண்டு. திடீரென்று நிறைய ரத்தம் போகும்போது அணுக்களும் நீர்மப் பகுதியும் சேர்ந்தே வெளியேறுகின்றன. செறிவு மாறாததால் முதல் சில மணி நேரத்துக்கு ஹீமோகுளோபின் ஏறக்குறையப் பழைய அளவிலேயே நிற்கும். உடல் திரவத்தை ரத்தக்குழாய்க்குள் இழுத்து நிரப்பிய பிறகுதான் எண் இறங்கத் தொடங்கும். '12 இருக்கிறது, பயமில்லை' என்று அந்த இடைவெளியில் சொல்லிக்கொள்வது ஆபத்து.

நேரெதிரான நிலையும் உண்டு. மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் குறைந்தவர் ஹீமோகுளோபின் 6-ஐ வைத்துக்கொண்டு வீட்டு வேலை செய்துகொண்டிருப்பார். உடல் பழகிவிட்டது, இதயம் கூடுதலாக உழைத்து ஈடுகட்டுகிறது. நடமாட முடிகிறது என்பதால் 6 என்ற எண் பத்திரமானதாகிவிடாது.

ஹீமோகுளோபின்: எது குறைவு?

முதலில் அலகைப் பாருங்கள். பெரும்பாலான அறிக்கைகளில் கிராம்/டெசிலிட்டர் என்று இருக்கும். சில ஆய்வகங்கள் கிராம்/லிட்டரில் தரும். அங்கே 12 என்பது 120 என்று வரும். மில்லிமோல்/லிட்டர் என்றால் அதே 12 ஏறக்குறைய 7.4 ஆகத் தெரியும். வேறு ஊரில், வேறு நாட்டில் எடுத்த அறிக்கையோடு ஒப்பிடும்போது இந்த இடத்தில்தான் வீண் பதற்றம் வருகிறது.

உலக சுகாதார நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, கடல்மட்ட உயரத்தில் வாழும், புகைபிடிக்காதவர்களுக்கு ரத்தசோகை என்று சொல்லும் எல்லைகள், கிராம்/டெசிலிட்டரில்:

- 6 முதல் 23 மாதக் குழந்தை: 10.5-க்குக் கீழ்
- 2 வயது முதல் 5 வயது முடியாத குழந்தை: 11-க்குக் கீழ்
- 5 முதல் 11 வயது: 11.5-க்குக் கீழ்
- 12 முதல் 14 வயது: 12-க்குக் கீழ்
- கர்ப்பமில்லாத வயதுவந்த பெண்: 12-க்குக் கீழ்
- வயதுவந்த ஆண்: 13-க்குக் கீழ்
- கர்ப்பிணி: முதல் மூன்று மாதத்திலும் கடைசி மூன்று மாதத்திலும் 11-க்குக் கீழ், நடு மூன்று மாதத்தில் 10.5-க்குக் கீழ்

கர்ப்பத்தின் நடுப்பகுதியில் எல்லை குறைவதற்குக் காரணம், அப்போது ரத்தத்தின் நீர்மப் பகுதி அணுக்களைவிட வேகமாகப் பெருகுவதுதான். அணுக்கள் குறையாமலேயே செறிவு இறங்கும்.

தீவிரத்தைப் பொறுத்தவரை, கர்ப்பமில்லாத பெரியவர்களுக்கு 11-க்கு மேல் லேசானது, 8 முதல் 10.9 வரை நடுத்தரம், 8-க்குக் கீழ் கடுமையானது. கர்ப்பிணிகளுக்கும் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் 7-க்குக் கீழே போனால் கடுமையானது. 'லேசானது' என்ற சொல் காரணமும் லேசானது என்று உறுதி தருவதில்லை. பெருங்குடல் புற்றுநோயின் முதல் அடையாளம் 11.8 என்ற எண்ணாக இருக்கக்கூடும்.

அதனால்தான் பழைய அறிக்கைகளைத் தூக்கிப் போடாதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறோம். போன வருடம் 15.5 இருந்த ஆணுக்கு இந்த வருடம் 13.2 என்றால், அறிக்கையில் எந்த எச்சரிக்கைக் குறியும் இருக்காது, எல்லைக்குள்தான் இருக்கிறது. ஆனால் ஒரு வருடத்தில் 2 கிராமுக்கு மேல் இறங்கியிருக்கிறது. அதற்கு ஒரு காரணம் இருந்தாக வேண்டும். நேர்மாறாக, பல வருடமாக 11.6-லேயே அசையாமல் நிற்கும் பெண்ணிடம் அவசரம் குறைவு. எதற்குப் பதற வேண்டும், எதற்கு வேண்டாம் என்பதை ஒற்றை எண்ணைவிட அது போகும் திசையே நன்றாகச் சொல்லும்.

எண்ணைப் பொய்யாக்கும் சில விஷயங்களும் உண்டு. வாந்தி, பேதியால் உடல் வறண்டிருந்தால் ஹீமோகுளோபின் உள்ளதைவிட அதிகமாகத் தெரியும். புகைபிடிப்பவர்களுக்கும் மலைப்பகுதியில் வாழ்பவர்களுக்கும் இயல்பாகவே கூடுதலாக இருக்கும் என்பதால் அவர்களிடம் ரத்தசோகை மறைந்துகொள்ளும். டிரிப்ஸ் ஏறும் கையிலிருந்தே ரத்தம் எடுத்தால் நீர்த்துப்போய்க் குறைவாக வரும். விரலில் குத்தி, ரத்தம் வராமல் அழுத்திப் பிழிந்து எடுத்தாலும் திசுநீர் கலந்து எண் மாறும். விரல்நுனிக் கருவியில் குறைவு என்று வந்தால், நரம்பிலிருந்து எடுத்த ரத்தத்தில் ஒருமுறை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

மாதிரி ஒழுங்காக இருந்ததா என்று நீங்களே பார்க்க ஒரு சின்னக் கணக்கு உண்டு. ஹீமோகுளோபினை 3-ஆல் பெருக்கினால் பி.சி.வி. அல்லது ஹீமட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீத இடம் பிடிக்கின்றன என்பது) என்று போட்டிருக்கும் எண்ணுக்குக் கிட்டத்தட்ட வர வேண்டும். ஹீமோகுளோபின் 12 என்றால் பி.சி.வி. 36-ஐ ஒட்டி இருக்கும். இரும்புச்சத்துக் குறைவில் இரண்டு மூன்று புள்ளி விலகலாம். வெகுதூரம் விலகியிருந்தாலோ, எம்.சி.ஹெச்.சி. (சிவப்பணுக்களுக்குள் ஹீமோகுளோபினின் செறிவு) 37-ஐத் தாண்டியிருந்தாலோ, மாதிரியில் கொழுப்பு மிதந்திருக்கலாம், அணுக்கள் ஒட்டிக்கொண்டிருக்கலாம். சில பரம்பரை ரத்த நோய்களிலும் எம்.சி.ஹெச்.சி. உயரும். ஆய்வகத்தில் கேட்டு மறுபடி பார்க்கச் சொல்வதில் தவறில்லை.

எம்.சி.வி.: காரணத்துக்குப் போகும் வழி

அறிக்கையில் மிக அதிகம் பேசும் வரி இதுதான், மிகக் குறைவாகப் பார்க்கப்படுவதும் இதுதான். எம்.சி.வி. என்பது சிவப்பணுவின் சராசரி அளவு. பெரியவர்களுக்கு 80 முதல் 100 ஃபெம்டோலிட்டர் வரை இயல்பு. சின்ன அணுவா, பெரிய அணுவா, இயல்பான அளவா என்பதை வைத்தே காரணங்கள் மூன்று பக்கமாகப் பிரிந்துவிடும். குழந்தைகளுக்கு இந்த எல்லை வயதுக்கேற்ப மாறும். பெரியவர்களுடைய அளவை அவர்களுக்குப் பொருத்தக் கூடாது.

80-க்குக் கீழே என்றால் முதலில் நினைக்க வேண்டியவை இரண்டு: இரும்புச்சத்துக் குறைவு, தலசீமியா சிறுவகை (ஹீமோகுளோபின் உருவாவதில் உள்ள பரம்பரைக் குறையின் லேசான வடிவம்). இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வது மிகவும் சாதாரணமாக நடக்கிறது, விளைவோ சாதாரணமில்லை. இரண்டு அறிக்கைகளைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

முதல் அறிக்கை: ஹீமோகுளோபின் 9.4, சிவப்பணு எண்ணிக்கை 4.1 மில்லியன், எம்.சி.வி. 73, எம்.சி.ஹெச். (ஓர் அணுவிலுள்ள ஹீமோகுளோபினின் சராசரி அளவு) 22.9, ஆர்.டி.டபிள்யூ. 18 சதவீதம், தட்டணுக்கள் 4.8 லட்சம். இரண்டாவது: ஹீமோகுளோபின் 11.2, சிவப்பணு எண்ணிக்கை 5.8 மில்லியன், எம்.சி.வி. 63, எம்.சி.ஹெச். 19.3, ஆர்.டி.டபிள்யூ. 14.5 சதவீதம், தட்டணுக்கள் 2.6 லட்சம்.

முதலாவதில் மூலப்பொருளான இரும்பு இல்லை. அதனால் அணுக்களின் எண்ணிக்கையும் ஏறவில்லை, அளவும் சிறுத்துவிட்டது. பற்றாக்குறை படிப்படியாக வந்ததால் பழைய பெரிய அணுக்களும் புதிய சிறிய அணுக்களும் கலந்து கிடக்கின்றன, ஆர்.டி.டபிள்யூ. 18-க்கு ஏறியிருப்பது அதைத்தான் காட்டுகிறது. அணுக்களின் அளவு எவ்வளவு வேறுபடுகிறது என்பதைச் சொல்லும் இந்த எண் 14.5 வரை இயல்பு. தட்டணுக்கள் சற்றுக் கூடுவதும் இரும்புக் குறைவில் அடிக்கடி காண்பது.

இரண்டாவதில் ஹீமோகுளோபின் கொஞ்சமே குறைந்திருக்க, அணுக்கள் மட்டும் மிகவும் சிறுத்திருக்கின்றன, எண்ணிக்கையோ இயல்பைவிட அதிகம். பிறவியிலிருந்தே எல்லா அணுக்களும் ஒரே மாதிரி சிறியவை என்பதால் ஆர்.டி.டபிள்யூ. பெரிதாக ஏறவில்லை. இது தலசீமியா சிறுவகையின் முகம்.

எம்.சி.வி.-யைச் சிவப்பணு எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். முதல் அறிக்கையில் ஏறக்குறைய 18, இரண்டாவதில் 11-ஐ ஒட்டி வரும். 13-க்கு மேல் என்றால் இரும்புக் குறைவின் பக்கமும், 13-க்குக் கீழ் என்றால் தலசீமியாவின் பக்கமும் சாயும். மென்ட்சர் குறியீடு என்று இதற்குப் பெயர். இது திசைகாட்டும் கணக்கு மட்டுமே. தீர்ப்பை ஃபெரிட்டினும் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் பரிசோதனை) ஹீமோகுளோபின் பகுப்பாய்வும்தான் சொல்ல வேண்டும். பகுப்பாய்வில் ஹீமோகுளோபின் ஏ2 3.5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பீட்டா தலசீமியா சிறுவகை. இரும்புக் குறைவும் சேர்ந்தே இருந்தால் ஏ2 பொய்யாக இறங்கித் தலசீமியாவை மறைத்துவிடும், ஆகவே இரும்பைச் சரிசெய்துவிட்டு மீண்டும் பார்ப்பார்கள். ஆல்ஃபா வகையில் ஏ2 இயல்பாகவே இருக்கும். அதற்கு மரபணுப் பரிசோதனை தேவைப்படும்.

சிறுவகை உள்ளவருக்கு அதனால் பெரிய தொல்லை இல்லை. ஃபெரிட்டின் குறையாதவரை அவருக்கு இரும்பு மாத்திரை தேவையும் இல்லை. எத்தனை மாதம் போட்டாலும் எம்.சி.வி. ஏறாது. ஆனால் கணவன் மனைவி இருவருக்கும் பீட்டா சிறுவகை இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்குக் கடுமையான தலசீமியா வர 25 சதவீத வாய்ப்பு உண்டு. குழந்தை பெறத் திட்டமிடும் முன்பே இருவரும் பார்த்துக்கொள்வது நல்லது.

எம்.சி.வி. 100-க்கு மேல் என்றால் பி12 அல்லது ஃபோலிக் அமிலக் குறைவு, மதுப்பழக்கம், கல்லீரல் நோய், தைராய்டு சுரப்புக் குறைவு, ஹைட்ராக்ஸியூரியா, மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்துகள் ஆகியவற்றைத் தேட வேண்டும். வயதானவர்களுக்கு இவை எதுவும் இல்லாமல் எம்.சி.வி. உயர்ந்து, கூடவே வெள்ளையணுக்களோ தட்டணுக்களோ குறைந்திருந்தால் எலும்பு மஜ்ஜைக் கோளாறைப் பற்றி ரத்தவியல் மருத்துவரிடம் பேச வேண்டும்.

80-க்கும் 100-க்கும் நடுவே இருந்தால் நிம்மதி என்று நினைத்துவிடாதீர்கள். சிறுநீரக நோய், நாள்பட்ட அழற்சி, சமீபத்திய ரத்த இழப்பு, மஜ்ஜை நோய்கள், ஆரம்பகட்ட இரும்புக் குறைவு எல்லாம் இங்கே வரும். இன்னொரு பொறியும் உண்டு. இரும்பும் பி12-உம் சேர்ந்தே குறைந்தவருக்குச் சிறிய அணுவும் பெரிய அணுவும் கலந்து, சராசரி 88 என்று சாதுவாகத் தெரியும். ஆர்.டி.டபிள்யூ. 20-ஐத் தொட்டு நிற்பதுதான் அவரைக் காட்டிக்கொடுக்கும்.

ஃபெரிட்டின்: சேமிப்பில் எவ்வளவு இரும்பு?

இரும்புக் குறைவு என்ற சந்தேகத்துக்கு ஒரே ஒரு பரிசோதனைதான் செய்ய முடியும் என்றால் ஃபெரிட்டினையே செய்யச் சொல்வோம். சீரம் இரும்பு என்ற தனிப் பரிசோதனையை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது; அது காலைக்கும் மாலைக்கும் மாறும், முந்தைய நாள் போட்ட மாத்திரைக்கும் ஏறும்.

உடலில் இரும்பு குறையும்போது முதலில் காலியாவது சேமிப்பு, அதாவது ஃபெரிட்டின். அடுத்து, ரத்தத்தில் இரும்பைச் சுமந்து செல்லும் டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதத்தின் செறிவு விகிதம் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கும். எம்.சி.வி.-யும் ஹீமோகுளோபினும் கடைசியில்தான் விழும். எனவே ஹீமோகுளோபின் 12.5 இருந்தும் ஃபெரிட்டின் 9 என்றால் அது பற்றாக்குறையே. களைப்பு, முடி உதிர்வு, இரவில் கால்களை அசைத்துக்கொண்டே இருக்கத் தோன்றுவது, ஐஸ் கட்டியையோ மண்ணையோ தின்னத் தோன்றுவது எல்லாம் இந்தக் கட்டத்திலேயே வரலாம்.

ஆரோக்கியமான பெரியவர்களுக்கு 15 நானோகிராம்/மில்லிலிட்டருக்குக் கீழ் என்றால் பற்றாக்குறை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு 12. நடைமுறையில் பல மருத்துவர்கள் பெரியவர்களுக்கு 30-க்குக் கீழ் என்பதையே எடுத்துக்கொள்கிறார்கள், அதுவே சரியென்று நாங்களும் கருதுகிறோம். 15 வரை காத்திருந்தால் பலர் தவறிப்போவார்கள்.

ஃபெரிட்டினில் ஒரு பெரிய சிக்கல்: காய்ச்சல், தொற்று, மூட்டழற்சி, கல்லீரல் பாதிப்பு எதுவானாலும் அது தானாக உயரும். சேமிப்பு காலியாக இருந்தும் 60 என்று காட்டும். ஆகவே சி.ஆர்.பி. என்ற அழற்சிப் பரிசோதனையைக் கூடவே செய்வது நல்லது. அழற்சி இருக்கும்போது பெரியவர்களுக்கு 70 வரையிலும் பற்றாக்குறையாக எடுத்துக்கொள்ளலாம். நாள்பட்ட சிறுநீரக நோய், இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு எல்லை 100-க்குப் போகும், டிரான்ஸ்ஃபெரின் செறிவையும் சேர்த்துப் பார்ப்பார்கள். சாதாரணக் காய்ச்சல் என்றால், அது விட்டு இரண்டு மூன்று வாரம் கழித்து எடுப்பது உண்மையான அளவைத் தரும்.

சி.பி.சி.-க்கோ (முழு ரத்த அணுப் பரிசோதனை) ஃபெரிட்டினுக்கோ வெறும் வயிறு தேவையில்லை. சீரம் இரும்பும் டிரான்ஸ்ஃபெரின் செறிவும் பார்ப்பதென்றால் காலையில், இரும்பு மாத்திரை போட்டு 24 மணி நேரமாவது ஆன பிறகு கொடுங்கள். முடி, நகத்துக்கென்று பயோட்டின் மாத்திரை எடுப்பவர்கள் ஆய்வகத்தில் சொல்லிவிட வேண்டும். சில ஆய்வு முறைகளில் அது ஃபெரிட்டின், பி12 முடிவுகளைக் கெடுக்கும். நரம்பு வழியாக இரும்பு ஏற்றியிருந்தால் குறைந்தது 4 வாரம் கழித்தே ஃபெரிட்டின் பார்ப்பதில் அர்த்தம் இருக்கும்.

பி12: ஊசிக்கு முன் ரத்தம் கொடுங்கள்

200 பிகோகிராம்/மில்லிலிட்டருக்குக் கீழே என்றால் குறைவு. 200 முதல் 300 வரை சந்தேக எல்லை. சந்தேக எல்லையில் மெத்தில்மலோனிக் அமிலம் அல்லது ஹோமோசிஸ்டீன் பார்த்தால் தெளிவாகும். விலங்குணவு அறவே எடுக்காதவர்கள், சர்க்கரை நோய்க்கு நீண்ட நாள் மெட்ஃபார்மின் எடுப்பவர்கள், அமிலத்தைக் குறைக்கும் வயிற்று மாத்திரைகளை வருடக்கணக்கில் எடுப்பவர்கள், வயிறு அல்லது சிறுகுடலில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் ஆகியோரிடம் இதைத் தேட வேண்டும்.

ஊசி போட்ட பிறகு ரத்தம் எடுத்தால் எண் வானத்துக்குப் போய்விடும், உண்மை நிலை தெரியாது. இன்னொன்று இதைவிட முக்கியம்: பி12 குறைவு இருக்கிறதா என்று பார்க்காமல் ஃபோலிக் அமிலத்தை மட்டும் அதிக அளவில் எடுத்தால் ஹீமோகுளோபின் தேறும், நரம்புச் சேதமோ உள்ளே தொடரும். கால் மரத்துப்போவது, ஊசி குத்துவது போன்ற உணர்வு, நடையில் தள்ளாட்டம், மறதி ஆகியவை இருந்தால் ஹீமோகுளோபின் இயல்பாக இருந்தாலும் சில நாட்களுக்குள் மருத்துவரைப் பாருங்கள். தாமதித்த நரம்புச் சேதம் முழுவதும் சரியாகாமல் போகலாம்.

ரெட்டிகுலோசைட், ஸ்மியர்

ரெட்டிகுலோசைட் என்பது மஜ்ஜையிலிருந்து புதிதாக வந்த இளம் சிவப்பணு. அது கூடியிருந்தால் மஜ்ஜை வேலை செய்கிறது, அணுக்கள் வெளியேதான் வீணாகின்றன: ஒன்று ரத்தம் போகிறது, அல்லது உள்ளேயே உடைகிறது. குறைந்திருந்தால் தயாரிப்பிலேயே குறை. அறிக்கையிலுள்ள சதவீதத்தை அப்படியே எடுக்கக் கூடாது. அதைப் பி.சி.வி.-யால் பெருக்கி 45-ஆல் வகுக்க வேண்டும். பி.சி.வி. 22 உள்ளவருக்கு 3 சதவீதம் என்றால் அதிகம்போலத் தோன்றும்; திருத்தினால் 1.5-க்கும் கீழேதான் வரும். அந்த அளவு ரத்தசோகைக்கு அது போதாது.

அணுக்கள் உடையும்போது கண் மஞ்சளாகும், சிறுநீர் அடர் நிறமாகும், ரத்தப் பரிசோதனையில் எல்.டி.ஹெச்.-உம் மறைமுக பிலிருபினும் ஏறும், ஹாப்டோகுளோபின் இறங்கும். இது வாரக்கணக்கில் காத்திருக்கும் விஷயமல்ல.

ஸ்மியர் என்பது ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து நுண்ணோக்கியில் பார்ப்பது. அதில் முதிராத அணுக்கள் அதாவது 'பிளாஸ்ட்' என்றோ, உடைந்த துண்டணுக்கள் அதாவது 'ஷிஸ்டோசைட்' என்றோ எழுதியிருந்தால் அன்றே மருத்துவரிடம் பேசுங்கள். ரத்தசோகையோடு வெள்ளையணுக்களும் தட்டணுக்களும் சேர்ந்து குறைந்திருப்பதும் அப்படியே. மூன்றும் குறைவது பி12 குறைவாலும் நடக்கும், மஜ்ஜை நோயாலும் நடக்கும். எதுவென்று வீட்டிலிருந்து சொல்ல முடியாது. நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணு வகை 500-க்குக் கீழே இருந்து 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சலும் இருந்தால் அது அவசரம்.

எவ்வளவு சீக்கிரம் போக வேண்டும்?

அவசர அறிகுறிகள் எதுவும் இல்லாதவர்களுக்கு நாங்கள் சொல்லும் கணக்கு இது. 7-க்குக் கீழே என்றால் அன்றே மருத்துவமனை. இதய நோய் உள்ளவர்களுக்கு 8-க்குக் கீழேயே அப்படி. பொதுவாக, நிலையான நோயாளிக்கு ரத்தம் ஏற்றுவதைப் பற்றி யோசிக்கத் தொடங்கும் எல்லைகளும் இவைதான். 7-க்கும் 8-க்கும் இடையே உள்ள மற்றவர்கள் ஓரிரு நாளில், 8 முதல் 10 வரை உள்ளவர்கள் ஒரு வாரத்துக்குள், 10-க்கு மேல் உள்ளவர்கள் இரண்டு மூன்று வாரத்துக்குள் பார்க்கலாம். கர்ப்பிணிகள் 10-க்குக் கீழே போனால் அடுத்த முறைப் பரிசோதனை வரை காத்திருக்காமல் சில நாட்களில் போக வேண்டும். பிரசவம் நெருங்க நெருங்க மாத்திரையால் ஏற்றிக்கொள்ள நேரம் போதாது, நரம்பு வழி இரும்பு தேவைப்படலாம். பழைய அறிக்கையோடு ஒப்பிடும்போது சில வாரங்களில் 2 கிராம் இறங்கியிருந்தால் எண் எதுவாக இருந்தாலும் சீக்கிரம் போவது நல்லது.

ஆண்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இரும்புக் குறைவு உறுதியானால், வேறு காரணம் நிரூபணமாகும்வரை குடல்வழி ரத்தக் கசிவு என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். மாதந்தோறும் ரத்தம் போகாதவருக்கு இரும்பு தானாகக் காலியாகாது. வயிற்றுப் புண், பெருங்குடல் கட்டி, ஆஸ்பிரின், டைக்ளோஃபினாக் போன்ற மாத்திரைகளால் வந்த கசிவு, சீலியாக் நோய் (கோதுமையிலுள்ள குளூட்டனால் சிறுகுடல் பாதிக்கப்படுவது) எதுவாகவும் இருக்கலாம். இதற்கு வாய்வழி எண்டோஸ்கோப்பி, கொலோனோஸ்கோப்பி இரண்டும் தேவையா என்று மருத்துவரிடம் நேரடியாகக் கேளுங்கள். மூலம் இருக்கிறது, அதனால்தான் என்று முடித்துவிடாதீர்கள். மூலமும் கட்டியும் ஒருவருக்கே இருக்க முடியும். மலத்தில் மறைரத்தப் பரிசோதனை 'இல்லை' என்று வந்தாலும் தேடலை நிறுத்த அது போதாது. கசிவு விட்டுவிட்டு வரும். எடை குறைவு, மலம் போகும் பழக்கத்தில் மாற்றம், விழுங்கச் சிரமம் இருந்தால் தள்ளிப்போடவே கூடாது.

மாதவிடாய் வரும் பெண்களிடம் காரணம் பெரும்பாலும் உதிரப்போக்குதான். ஆனால் அதையும் சரியாக விவரிக்க வேண்டும். 7 நாளுக்கு மேல் நீள்கிறதா, இரவில் எழுந்து நாப்கின் மாற்ற வேண்டியிருக்கிறதா, 2.5 சென்டிமீட்டரைவிடப் பெரிய ரத்தக் கட்டிகள் போகின்றனவா என்று குறித்துக்கொண்டு போங்கள். 'கொஞ்சம் அதிகம்' என்று சொன்னால் மருத்துவருக்கு எதுவும் தெரியாது. உதிரப்போக்குக்குச் சிகிச்சை எடுக்காமல் இரும்பு மட்டும் போட்டால், ஏறியது அடுத்தடுத்த மாதங்களில் இறங்கிவிடும்.

போகும்போது பழைய அறிக்கைகள், எடுத்துக்கொள்ளும் எல்லா மருந்துகள் (வலி மாத்திரை, வயிற்று மாத்திரை, சத்து மாத்திரை உட்பட), குடும்பத்தில் தலசீமியா, குடல் புற்றுநோய் உண்டா என்ற தகவல், சமீபத்தில் ரத்ததானம் செய்த தேதி எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். 'என் ரத்தசோகைக்குக் காரணம் என்ன, அதை எப்படி உறுதிப்படுத்தப்போகிறோம்?' என்ற கேள்விக்குப் பதில் வாங்காமல் எழுந்து வராதீர்கள்.

இரும்பு மாத்திரை தொடங்கிய பிறகு

அட்டையில் எழுதியிருக்கும் மில்லிகிராமும் உண்மையான இரும்பின் அளவும் ஒன்றல்ல. 200 மில்லிகிராம் உலர்ந்த ஃபெரஸ் சல்ஃபேட்டில் இருப்பது சுமார் 65 மில்லிகிராம் இரும்பு. 300 மில்லிகிராம் ஃபெரஸ் குளுக்கோனேட்டில் சுமார் 35 மட்டுமே. நாளைக்கு ஒருமுறை, அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். ஒரு மாத்திரை உள்ளே போனதும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் உயர்ந்து, ஏறக்குறைய ஒரு நாளுக்குக் குடல் இரும்பை உறிஞ்சுவதைக் குறைத்துவிடும். மூன்று வேளை போட்டால் வயிற்றெரிச்சலும் மலச்சிக்கலும்தான் மூன்று மடங்காகும்.

வெறும் வயிற்றில் தண்ணீரோடு எடுப்பது சிறந்தது. முடியாவிட்டால் சாப்பாட்டோடு எடுப்பது, எடுக்காமல் விடுவதைவிட மேல். டீ, காபிக்கு ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். கால்சியம், அமிலமுறிவு மாத்திரைகளை வேறு வேளைக்கு மாற்றுங்கள். தைராக்ஸின் எடுப்பவர்கள் 4 மணி நேரம் தள்ளி எடுக்க வேண்டும். மலம் கறுப்பது இரும்பால்தான், பயமில்லை. கறுப்போடு தார் போன்ற பிசுபிசுப்பும் கடும் நாற்றமும் சேர்ந்தால் மட்டும் அது ரத்தமாக இருக்கலாம். மாத்திரை டப்பாவைக் குழந்தைகளின் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள். சில மாத்திரைகளே சிறு குழந்தையின் உயிரைப் பறிக்கக்கூடும். விழுங்கியது தெரிந்தால், நன்றாக விளையாடிக்கொண்டிருந்தாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

தொடங்கி 2 முதல் 4 வாரத்தில் சி.பி.சி. மீண்டும் பாருங்கள். 2 வாரத்தில் 1 கிராம், நான்காவது வாரத்துக்குள் 2 கிராம் ஏறினால் வழி சரி. ஏறவில்லை என்றால் மாத்திரையை மாற்றுவதற்கு முன், ஒழுங்காக எடுத்தோமா, இடையில் நிறுத்தினோமா என்று பாருங்கள். அதுவும் சரியென்றால் ரத்தம் இன்னும் போய்க்கொண்டிருக்கலாம், சீலியாக் நோயோ வயிற்றில் ஹெலிகோபேக்டர் கிருமியோ உறிஞ்சுவதைத் தடுக்கலாம், கண்டுபிடித்த காரணமே தவறாகவும் இருக்கலாம். மருத்துவரிடம் திரும்பப் போக வேண்டிய கட்டம் அது.

ஹீமோகுளோபின் இயல்புக்கு வந்ததும் நிறுத்திவிடுவது மிகவும் பரவலான தவறு. அப்போது சேமிப்பு இன்னும் காலியாகவே இருக்கும். எண் இயல்பான பிறகும் மேலும் 3 மாதம் தொடர்ந்து, ஃபெரிட்டினைப் பார்த்துவிட்டு நிறுத்துங்கள். அதன் பிறகு முதல் வருடத்தில் 3 மாதத்துக்கு ஒருமுறை சி.பி.சி. எடுங்கள்; காரணம் உண்மையில் சரியாகாமல் இருந்தால், எம்.சி.வி.-யும் ஹீமோகுளோபினும் மறுபடி சரியத் தொடங்குவது அதில் தெரிந்துவிடும்.